இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

ஜூன் 4

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே யாரும் அப்படியொன்றும் நலமாக இல்லை, நீயும் இருக்கமாட்டாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அம்மாவுக்கு நீ போட்ட கார்டின் மூலையில் இருந்த முகவரிக்கு எழுதுகிறேன். அவர் அதை என் கண்ணில் படாமல் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அந்த வீட்டில் உறை மாற்றுகிறவள் நான்தான் என்பது அவருக்கு மறந்துபோச்சு.

ஐந்து மாதமாகிறது. போன் நம்பரை மாற்றிவிட்டாய். கம்ப்யூட்டரை வயரோடு சுற்றி அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டுப் போன ஆளுக்கு நான் பதினோரு மெயில் போட்டிருக்கிறேன், என்னைத்தான் சொல்லவேண்டும். உன் அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்து செய்து எல்லாவற்றையும் லிஃப்டாகவே பார்க்கிறார். "அவனும் லிஃப்டா இருந்தா பட்டனை அழுத்தி வரவழைச்சிருப்பேன்" என்று நேற்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

விசாரணைக் குழு ஜூலை பத்தாம் தேதி கூடுகிறது. மூன்று பேர், தலைவர் ஒரு பெரிய டாக்டர். நம் மருந்துக் கணக்கு புரோகிராமில் யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். பச்சிளம் குழந்தைகளுக்குப் போடும், அளவு கூடினால் காதைக் கெடுக்கும் அந்த ஊசியை முப்பத்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போடவேண்டும் என்று குறைமாதக் குழந்தைகள் பகுதியில் இருந்தது. அது இருபத்துநான்கு மணி நேரமாக மாறியிருக்கிறது. மாற்றத்துக்கு நேரே உன் பெயர் இருக்கிறது. அவர்களுக்கு உன் கையெழுத்தோடு ஒரு வாக்குமூலம் வேண்டுமாம். வராவிட்டால் "ஆள் தலைமறைவு" என்று எழுதிவிடுவார்கள். வந்தால், இனி எந்த ஆஸ்பத்திரி புரோகிராமிலும் உன் கை படக்கூடாது என்று எழுதுவார்கள். எது மேல் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வாக்குமூலம் வராதவரை நாற்பத்தொரு ஆஸ்பத்திரியிலும் நம் புரோகிராமை நிறுத்தி வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தினால் நர்ஸுகள் மறுபடியும் பென்சிலால் கணக்குப் போடுவார்கள். நான் மருந்தாளுநர். அந்தப் பென்சில் கணக்குகளைப் பதினாறு வருஷம் பார்த்தவள்.

அப்படி ஊசி கூடுதலாகப் போன அந்தக் குழந்தையைப் போன வாரம் பார்த்தேன். நன்றாக எடை கூடியிருக்கிறது. வலது காது கேட்கவில்லை. இடது காதில் கொஞ்சம் கேட்கிறது.

எழுது. கோபமாகவாவது எழுது.

அண்ணி


ஜூன் 11

அண்ணிக்கு,

உறைக்குள் ஒளித்தது அம்மாவின் யோசனையாகத்தான் இருக்கும். அவர் ஒளித்துவைத்து யாருக்கும் கிடைக்காமல் போன பொருள் இதுவரை ஒன்றுகூட இல்லை.

நான் இங்கே ஒரு சலவைக் கூடத்தில் இருக்கிறேன். ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, அழுத்தி, எட்டாக மடித்து அடுக்குவோம். எனக்கு மடிக்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடி செய்வதால் கால் வலிக்கிறது, தலை வலிக்கவில்லை. கறை போகாவிட்டால் திரும்பத் துவைத்தால் போதும், யாருக்கும் காது போகாது. எனக்குத் தகுந்த வேலை இதுதான்.

இந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்க்காதீர்கள். எழுதத் தாள் இல்லாததால் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் துழாவினேன். என் பழைய பேட்ச்களின் அச்சுக்கட்டு இருந்தது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் அச்செடுத்துப் பென்சிலால் டிக் போட்டுப் படிப்பேனே, நீங்கள்கூட "திரையிலே படிச்சா எழுத்து ஓடிப்போயிடுமா?" என்று கேலி செய்வீர்களே, அந்தக் கட்டுதான். ஒருபக்கம் வெறுமையாக இருக்கிறது. எழுதுவதற்கு மட்டும் அதைத் தொடுகிறேன், படிப்பதற்கில்லை.

குழுவில் இருப்பவர்கள் டாக்டர்கள். பேட்ச் என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்? இப்படிச் சொல்லுங்கள். நாம் ஒன்பது பேர், அவரவர் வேலை முடிந்த நேரத்தில் சம்பளமில்லாமல் இதை எழுதுகிறோம். புரோகிராமின் பொதுப் பிரதி உங்களிடம் இருக்கிறது. நான் ஒரு வரியைத் திருத்த நினைத்தால் முழுப் பிரதியையும் அனுப்பமாட்டேன். ஒரு சீட்டு அனுப்புவேன். "இருநூற்றுச் சொச்சமாவது வரியில் இதை எடு, இதைப் போடு" என்று இருக்கும். இடம் தவறிவிடாமல் இருக்க, அந்த வரிக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரியையும் அதே சீட்டில் காட்டுவேன். நீங்கள் அதைப் பொதுப் பிரதியில் ஒட்டுவீர்கள். ஒட்டினாலும் பதிவில் எழுதியவன் பெயர்தான் நிற்கும். நியாயம்தானே, தப்பு எழுதியவன் பெயர் நிற்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் காட்டவேண்டாம். நான் நிறைமாதக் குழந்தைகள் பகுதியில்தான் மாற்றினேன் என்று எனக்கு இன்னும் ஞாபகம். புது மருத்துவக் குறிப்பு அவர்களுக்குத்தான் வந்தது. அதை மேஜையில் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். ஆனால் ஆஸ்பத்திரியில் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். குறைமாதப் பகுதி, என் பெயர். என் ஞாபகம் யாருக்கு வேண்டும்?

வாக்குமூலம் பற்றி யோசிக்கிறேன்.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

யோசிக்கிறானாம். யோசிக்கிற ஆள் படுக்கை விரிப்பை எட்டாக மடித்துக்கொண்டிருக்கமாட்டான். எனக்குத் தகுந்த வேலை, எனக்குத் தகுந்த வேலை என்று நீயே உன்மேல் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் அந்தக் குழந்தைக்குக் காது வந்துவிடுமா? உன் அம்மா தினமும் நான்கு மணிக்கு வாசலுக்குப் போய்த் தபால்காரரைப் பார்க்கிறார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எழுதினால் கை தேய்ந்துபோகாது.

ஞாபகம் பற்றி எழுதியிருந்தாய். ஞாபகம் அப்படித்தான், நமக்கு எது வேண்டுமோ அதைத்தான் வைத்துக்கொள்ளும். பதிவு பொய் சொல்லாது தம்பி. முந்தாநாள் குழுத் தலைவர் வரச்சொல்லியிருந்தார், போனேன். நீ எழுதிய விளக்கத்தையே சொன்னேன், நன்றாகப் புரிந்துகொண்டார். "அப்ப அந்தப் பையன் அனுப்பின சீட்டு உங்ககிட்ட மெயில்ல இருக்குமில்லம்மா?" என்று கேட்டார். "அது எதுக்கு சார், எல்லாம் பதிவிலேயே இருக்கு" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டார்.

அந்தக் குழந்தையின் அப்பா வெல்டர். நான் வேலை பார்க்கிற மருந்துக் கவுண்டருக்கே இரண்டு முறை வந்துவிட்டார். சத்தம் போடுகிற மனுஷன் இல்லை. "எப்படி ஆச்சுன்னு யாராவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்று மட்டும் கேட்கிறார். நான் முன்னால் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்பு. சுருக்கமாக இருக்கட்டும். உன்னையே திட்டி நாலு பக்கம் எழுதாதே, அதற்கு அவர்களுக்கு நேரம் கிடையாது.

இவ்வளவு கடுமையாக எழுதவேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். தபால் நேரமாகிவிட்டது.

அண்ணி


ஜூன் 25

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னது சரி. உங்களிடம் பேசி ஜெயித்தவர் நம் வீட்டில் யார்?

எழுதிவிட்டேன். கீழே இருப்பது அதன் நகல். நல்ல தாளில் எழுதி ஜூலை ஒன்றாம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அன்றைக்குத்தான் எனக்கு லீவு.

"மருந்துக் கணக்கு புரோகிராமில் குறைமாதக் குழந்தைகளுக்கான ஊசி இடைவெளியை முப்பத்தாறிலிருந்து இருபத்துநான்காக மாற்றிய பேட்ச்சை எழுதியவன் நான். நிறைமாதப் பகுதியில் செய்யவேண்டிய மாற்றத்தைக் கவனக்குறைவால் குறைமாதப் பகுதியில் செய்துவிட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. இனி மருத்துவம் தொடர்பான எந்தப் புரோகிராமிலும் வேலை செய்யமாட்டேன். அந்தக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை."

கடைசி வரி நீளம் என்றால் சொல்லுங்கள், வெட்டிவிடுகிறேன்.

இன்றைக்குக் கட்டிலிருந்து தாளை உருவியபோது மேலே தேதி கண்ணில் பட்டது. அந்தப் பேட்ச்தான். தேதிக்குக் கீழே பார்க்கத் தைரியம் வரவில்லை. திரும்ப உள்ளே செருகப் போனேன். பிறகு, இருக்கட்டும், வாக்குமூலத்தின் நகல் இதன் முதுகில் இருப்பதுதான் பொருத்தம் என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஏழு வருஷம் அண்ணி. எனக்கு வேறு எதுவும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது. ஆபீஸ் வேலையை வாயைக் கட்டிக்கொண்டு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து நம் புரோகிராமைத் திறக்கும்போதுதான் எனக்கு நாள் ஆரம்பிக்கும். ஒன்றாம் தேதிக்குப் பிறகு அது கிடையாது. அழவில்லை, சொல்கிறேன்.

அண்ணனிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.

தம்பி


ஜூன் 30

தம்பி,

வாக்குமூலத்தை அனுப்பாதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே நிறுத்து. ஏன் என்று கேட்காதே, விவரமாக எழுதுகிறேன். இரண்டு நாள் டைம் கொடு.

உன் கூடத்துக்கு போன் இருக்கிறதா? இருந்தாலும் எனக்கு நம்பர் தெரியாது. தந்தி மாதிரி இதை எழுதுகிறேன்.

அனுப்பாதே.

அண்ணி


ஜூலை 3

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. வாக்குமூலம் முந்தாநாளே போய்விட்டது. ரசீது என் சட்டைப் பையில் இருக்கிறது.

எதற்காக நிறுத்தச் சொன்னீர்கள்? என்மேல் பரிதாபப்பட்டா? அம்மா அழுதாரா? எதுவாக இருந்தாலும் வேண்டாம். அனுப்பிய அன்று ஐந்து மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். என்கூட விரிப்பு மடிக்கிற ஒரு அம்மா "இன்னைக்கு என்ன, மாப்பிள்ளை மாதிரி சாப்பிடறே?" என்று கேட்டார். முடிந்தது, அவ்வளவுதான். இனிமேல் என்னை அசைக்காதீர்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றீர்கள். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

இதை நாலு முறை ஆரம்பித்தேன். மூன்று குப்பைக்கூடையில் கிடக்கின்றன. இது நிற்கட்டும்.

பின்பக்கத்தைப் பார்க்காதே என்றாய். பார்த்தேன். உன் வாக்குமூலத்தின் முதுகில் உன் பேட்ச் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி என்று போட்டிருந்தது. மேலே நீ காட்டிய மூன்று வரியில் முதல் வரி, "நிறைமாதம்" என்கிற தலைப்பு வரி. அதன்மேல் உன் பென்சில் டிக். உன் ஞாபகம் சரி தம்பி. நீ சரியான இடத்தில்தான் மாற்றினாய்.

பொதுப் பிரதியில் அது இருநூற்று அறுபத்தெட்டாவது வரியில் இருக்கிறது. குறைமாதப் பகுதியில். அங்கே அதை வைத்தது நான்.

எப்படி என்று சொல்கிறேன். நீ அனுப்பியதற்கு முந்தின நாள்தான் நம் ஒன்பது பேரில் இருக்கும் பல் டாக்டர் நிறைமாதப் பகுதியில், நீ திருத்தப்போகும் வரிக்குச் சரியாக மேலே, ஒரு புது வரி சேர்த்திருந்தார். உனக்குத் தெரியாது. உன் பேட்ச் ஒட்டவில்லை, சுற்றுவரி பொருந்தவில்லை என்று வந்தது. உனக்கே திருப்பி அனுப்பி, "புதுப் பிரதியில் திரும்பச் செய்" என்று சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கு என் முன்னால் பதினான்கு பேட்ச் இருந்தது. மூன்று வரி பொருந்தவேண்டாம், இரண்டு பொருந்தினால் போதும் என்று தளர்த்தி ஒட்டச் சொன்னேன். நிறைமாதப் பகுதியும் குறைமாதப் பகுதியும் ஒரே அச்சு, தலைப்பு வரி ஒன்றுதான் வித்தியாசம் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தலைப்பு வரியைத்தான் நான் விட்டுக்கொடுத்தேன். பேட்ச் எங்கே இரண்டு வரி பொருந்துகிறது என்று தேடிப் போய் அங்கே உட்கார்ந்துகொண்டது. உன் பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது.

இது தெரியாமல் நடந்தது என்று எழுதினால் எனக்கு எவ்வளவு சுகமாக இருக்கும்! தெரியும். "சுற்றுவரிகளைக் குறைத்து, 268-ஆவது வரியில் ஒட்டப்பட்டது" என்று திரையில் ஒரு வரி வந்தது. படித்தேன். ஒட்டிவிட்டதே என்று அடுத்த பேட்ச்சுக்குப் போய்விட்டேன்.

விபரீதம் தெரிந்த அன்று அந்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. உடனே, அப்படி இருக்காது என்று தள்ளிவிட்டேன். உன் மெயிலைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஐந்து மாதமாகத் திறக்கவில்லை. குழுத் தலைவர் கேட்டபோதும் "அது எதுக்கு சார்" என்றேன். பதிவு பொய் சொல்லாது என்று உனக்கே பாடம் நடத்தினேன். பயம் தம்பி. மருந்தாளுநர், பதினாறு வருஷம், கையெழுத்துக்கு முன் மூன்று தடவை பார்க்கிறவள் என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயர் போய்விடுமே என்று பயந்து, உன் வாழ்க்கையைக் கொண்டுபோய் அதன்மேல் போர்த்திக்கொண்டேன்.

உன் அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். எழுந்து போய் அலமாரிமேல் இருந்த உன் கம்ப்யூட்டரைக் கீழே இறக்கித் துடைத்தார்.

பத்தாம் தேதி நான் போகிறேன். உன் தாளை எடுத்துக்கொண்டு போகிறேன்.

அண்ணி


ஜூலை 11

தம்பிக்கு,

என் கடிதத்துக்கு உன்னிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. எதிர்பார்க்கவும் கூடாது. நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன், தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு உண்டு.

நான் உள்ளே போகும்போதே உன் வாக்குமூலம் மேஜைமேல் இருந்தது. மூன்று பேருக்கும் முகத்தில் நிம்மதி. வெளியே ஆஸ்பத்திரி வக்கீலுக்கு அதைவிட நிம்மதி. நான் "இது தப்பு, அவன் எழுதினது சரி, ஒட்டினது நான்" என்று ஆரம்பித்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அம்மா, அந்தப் பையனே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துட்டான். சொந்தக்காரப் பையன்னு பாவம் பாக்கறீங்களா? ஏன் புதுசா குழப்பறீங்க?"

உன் தாளையும் பதிவின் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் மெயிலைத் திறந்து அதே பேட்ச்சைக் காட்டினேன். இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுக் காட்டினேன். மூன்றாவது உறுப்பினர், ஒரு சின்ன வயசு டாக்டர், முதலில் புரிந்துகொண்டாள். அவள் முகம் மாறியதும் மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

குழந்தையின் அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் தோளில் இடது காதைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பேச அனுமதி கேட்டார், கொடுத்தார்கள்.

"அந்த வரி உங்க ஸ்கிரீன்ல வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"அடுத்த வேலைக்குப் போயிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இப்போதுதான் பதில் கிடைத்த மாதிரி ஆட்டினார். உட்கார நாற்காலியை இழுத்தேன். இரும்புக் கால், சிமெண்ட் தரை. அந்தச் சத்தத்துக்கு அறையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். குழந்தை அசையவே இல்லை.

உன் வாக்குமூலத்தை ரத்து செய்து எழுதிவிட்டார்கள். நான் இனி பொதுப் பிரதியைத் தொடக்கூடாது. மருந்தாளுநர் வேலை பற்றி வேறு குழு முடிவு செய்யுமாம். இதுவரை ஒட்டிய எல்லாப் பேட்ச்சையும், அனுப்பிய சீட்டு எங்கே, விழுந்த இடம் எங்கே என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு முடிக்கும்வரை நாற்பத்தொரு ஆஸ்பத்திரியிலும் புரோகிராம் நிறுத்தம். அதை நான் செய்யக்கூடாது, சரிதான். பல் டாக்டர் செய்யப் பார்க்கிறார், அவருக்குப் பாதி புரியவில்லை.

உன் கை சுத்தம் தம்பி. அதை முதலில் உனக்குச் சொல்லியிருக்கவேண்டியவள் நான்.

அண்ணி


ஜூலை 27

அண்ணிக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றேதான்.

எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத்தில் சொல்ல வராது. தளர்த்தி ஒட்டினீர்கள், அது யாருக்கும் நேரும். மெயிலைத் திறக்கவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஐந்து மாதம் பஸ்ஸில் கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். நீங்கள் அங்கே என் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, என்னைச் சுருக்கமாக எழுதச் சொன்னீர்கள். உங்கள் ஜூன் பதினேழு கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். சலவைக் கூடத்து முதலாளியம்மாவிடம் கேட்டேன், ஆபீஸ் அறையை ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டார். பொதுப் பிரதியை இறக்கி, என் பழைய மெயில்களை எடுத்து, நீங்கள் ஒட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். குழுவுக்கு உதவ என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் இன்னொன்று கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்தால் என்ன எழுதவேண்டும் என்றுகூட மனசில் தயாராக வைத்திருந்தேன்.

இடம் மாறி விழுந்தது இன்னொன்று கிடைத்தது. எழுதியது நீங்கள், ஒட்டியது நான்.

இரண்டு வருஷத்துக்கு முன் உங்களுக்கு முதுகு ஆபரேஷன் நடந்தபோது ஒரு மாதம் பொதுப் பிரதி என் பொறுப்பில் இருந்தது. படுக்கையிலிருந்தே நீங்கள் ஒரு பேட்ச் அனுப்பினீர்கள். பெரிய பிள்ளைகளுக்கான வலிப்பு மருந்தில், அளவு எவ்வளவு தாண்டினால் எச்சரிக்கை காட்டவேண்டும் என்கிற எல்லையை உயர்த்தியது. ஒட்டவில்லை போலிருக்கிறது. நான் ஒரு வரி பொருந்தினால் போதும் என்று தளர்த்தியிருக்கிறேன். உங்களைவிட ஒரு படி மேலே. பத்தொன்பது வரி தள்ளி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பகுதியில் விழுந்திருக்கிறது. அன்றைக்குத் திரையில் என்ன வந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. நீங்களாவது படித்ததை ஞாபகம் வைத்திருந்தீர்கள்.

ஒன்பது நாள் அப்படியே இருந்திருக்கிறது. பத்தாவது நாள் பல் டாக்டர் அந்தக் கோப்பை முழுக்க மாற்றி அடுக்கியபோது, தற்செயலாகச் சரியாகிவிட்டது. யாரும் புகார் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. அந்த ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். மூடிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது அண்ணி. எழுந்து கதவுவரை போனேன். உங்களைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கே கேட்டன.

கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம், போகவில்லை. அண்ணனிடம் சொல்லுங்கள், பட்டனை அழுத்தவேண்டாம், நானே வருவேன், ஆனால் இப்போது இல்லை.

அந்த ஒன்பது நாளில் பிரதியை இறக்கிக்கொண்டது ஏழு ஆஸ்பத்திரிகள். ஏழுக்கும் பதினேழாம் தேதி எழுதிவிட்டேன். ஒட்டியது நான் என்று முதல் வரியிலேயே எழுதினேன். தேதிகளைக் கொடுத்து, அந்த நாட்களில் வலிப்பு மருந்து கொடுக்கப்பட்ட ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மருந்துச் சீட்டுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குழுவுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

ஆறு இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது, ஒன்றுமில்லை. ஏழாவது ஆஸ்பத்திரியின் பதில் இன்று காலை வந்தது. அவர்கள் வார்டில் அப்படி நான்கு குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். மூன்று பேரின் சீட்டு சரியாக இருக்கிறதாம். நான்காவது சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி